ஜிஎஸ்டி பத்து சதவீதம் இறங்கியது, மூட்டை விலை எங்கே போனது?

காவேரிக்கரையான்:
தஞ்சாவூர் பக்கம் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அஸ்திவாரம் தோண்டும்போது சிமெண்ட் மூட்டை 350 ரூபாய். செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது என்று செய்தி வந்ததும் வேலையைப் பத்து நாள் நிறுத்தி வைத்தேன். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். கணக்கு சுலபம்தான். 350ல் வரியைக் கழித்தால் 273 சொச்சம், அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 323. மூட்டைக்கு 27 ரூபாய் மிச்சம். எனக்கு இன்னும் 400 மூட்டையாவது வேண்டும், அப்படியென்றால் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும்.

முதல் லோடு 325க்கு வந்தது. சந்தோஷம். தீபாவளி கழிந்து 335. இப்போது தளம் போடுகிற நேரத்தில் 348. ஒரு கடையில் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. மூன்று கடை, மூன்று பிராண்ட், மூன்றும் ஒரே திங்கட்கிழமை ஏறியிருக்கின்றன. ஒரு ரூபாய் முன்னே பின்னே கூட இல்லை.

இதற்குப் புகார் கொடுக்க இடம் உண்டா? அப்புறம், ரேஷன் அரிசிக்கு விலை வைக்கிற அரசாங்கம் சிமெண்டுக்கும் ஒரு விலை வைத்துவிட்டால் என்ன?

வெயில்_விருதுநகர்:
எல்லாம் கூட்டுக் களவாணித்தனம் நண்பரே. அரசே விலை வைத்து, மீறினால் ஆலையைப் பூட்டவேண்டும். வேறு வழி இல்லை.

பழைய_பெர்மிட்:
தம்பி, அரசு விலை வைத்த காலத்தில் வீடு கட்டியவன் நான். 1979. அன்றைக்கு சிமெண்ட் விலை மத்திய அரசு நிர்ணயித்தது. கடையில் போய் நின்றால் முதல் கேள்வி பெர்மிட் எங்கே என்பதுதான். பெர்மிட்டுக்கு வீட்டுப் பிளானைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்கவேண்டும். நான் எத்தனை தடவை நடந்தேன் என்பதை என் வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். கேட்டது 200 மூட்டை, எழுதிக் கொடுத்தது 40. மீதியைக் கள்ளச் சந்தையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினேன், அதிலும் சாம்பல் கலப்படம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடும், நல்ல சிமெண்ட் மாவு மாதிரி வழுக்கும், அந்த வித்தையெல்லாம் அப்போது கற்றதுதான்.

விலையை அமுக்கி வைத்தால் புது ஆலை போட எவன் வருவான்? ஆலை வரவில்லை, சரக்கு வரவில்லை, இருக்கிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் கையில் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தில் முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகியது எதற்காக? கட்டுமானக்காரர்களுக்கு சிமெண்ட் ஒதுக்கீடு, பதிலுக்கு அவருடைய அறக்கட்டளைக்கு நன்கொடை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால்தான். ஒரு முதல்வரையே கவிழ்க்கிற அளவுக்கு சிமெண்ட் அப்போது தங்கம். அடுத்த மாதமே பாதி அவிழ்த்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு அரசு விலைக்கு, மீதி ஆலை இஷ்டத்துக்கு. முழுக்க அவிழ்ந்தது 1989 மார்ச்சில். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கை கட்டி நின்று சிமெண்ட் வாங்கியதில்லை. 348 கொடுத்தாலும் இன்று சாயங்காலமே லோடு வருகிறதல்லவா, அதை நினைத்துப் பாருங்கள்.

காவேரிக்கரையான்:
ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பெர்மிட் ஒழிந்தால் போட்டி வந்து விலை இறங்கும் என்றுதானே சொன்னார்கள்? மூன்று பிராண்டும் ஒரே நாளில் ஏறினால் அது என்ன போட்டி?

டெல்டா_டீலர்:
நான் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் நடப்பதைக் கேளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு கம்பெனி ஆபீசரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். நாளை முதல் மூட்டைக்கு 20 கூடுதல் என்று. எங்களுக்குப் பில் அந்த விலைக்குத்தான் விழும். ஆனால் அந்த மூட்டை எங்களுக்கு உண்மையில் என்ன விலைக்கு அடங்கியது என்பது மாதக் கடைசியில் கிரெடிட் நோட் (கம்பெனி பின்னால் கழித்துக்கொடுக்கிற தள்ளுபடிச் சீட்டு) வந்த பிறகுதான் தெரியும். இவ்வளவு டன் எடுத்தால் இவ்வளவு, பணம் உடனே கட்டினால் இவ்வளவு, சில மாதம் தனியாக ஒரு ஸ்கீம். பில்லில் இருப்பது ஒன்று, அடங்குவது வேறொன்று. பல நாள் நான் பில் விலைக்குக் கீழேயே விற்றுவிட்டு கிரெடிட் நோட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது ஏற்றினால் இருபதும் நிற்காது. முதல் பத்து நாள் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கம்பெனி ஏற்றாமல் விட்டால் சரக்கு அந்தப் பக்கம் ஓடும், மற்றவர்கள் சத்தமில்லாமல் டிஸ்கவுண்ட் விடுவார்கள், கடைசியில் எட்டோ பத்தோ நிற்கும். ஒருவரும் பின்வாங்கவில்லை என்றால் இருபதும் நின்றுவிடும். அடுத்த கம்பெனி ரேட் எங்கள் ஆபீசருக்கு எப்படித் தெரிகிறது என்றால், என்னிடம்தான் கேட்கிறார். நான்தான் பக்கத்துக் கடையில் விசாரித்துச் சொல்கிறேன்.

சட்டம்_படித்தவள்:
டீலர் அண்ணே, கடைசி வரியைப் பொதுவெளியில் எழுதாமல் இருந்திருக்கலாம் 🙂 கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கிற போட்டிச் சட்டத்தை 2023ல் திருத்தியபோது, அதே தொழிலில் இல்லாதவரும் விலைக் கூட்டணிக்குத் துணைபோனால் அவரையும் கூட்டணியில் ஒருவராகவே கருதலாம் என்று சேர்த்துவிட்டார்கள். ஆபீசர் கேட்டதற்குப் பதில் சொன்னதெல்லாம் அதில் வராது, ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் நீங்களே தூது போனால் கதை வேறு.

மூலக் கேள்விக்கு வருகிறேன். வரிக்குறைப்பை விழுங்கிவிட்டால் புகார் கொடுக்க 2017லிருந்து தனி ஆணையமே இருந்தது. 2022 டிசம்பரில் அந்த வேலையைப் போட்டிச் சட்டத்தை அமல்படுத்துகிற போட்டி ஆணையத்திடம் கொடுத்தார்கள், 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்கு மாற்றினார்கள், கூடவே 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார் வாங்குவதில்லை என்றும் அறிவித்தார்கள். வரி குறைந்தது செப்டம்பரில். குடையை விற்ற பிறகு மழை வந்த கதை.

மிச்சம் இருப்பது போட்டி ஆணையம். அங்கே "ஒரே நாளில் ஏறியது" என்பது மட்டும் போதாது. எதிரெதிரே இரண்டு டீக்கடை இருக்கிறது. ஒருவர் போர்டில் 12 என்பதை அழித்து 15 எழுதுகிறார், எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு அவரும் எழுதுகிறார். இது குற்றம் இல்லை. முந்தின ராத்திரி இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தால் குற்றம். வாடிக்கையாளருக்கு இரண்டும் அதே 15 ரூபாய்தான், ஆனால் சட்டம் பார்ப்பது பேச்சு நடந்ததா என்பதை. சிமெண்டில் இந்தக் கண்சாடைக்கு வசதி அதிகம். எந்த மூட்டையும் ஏறக்குறைய ஒன்றுதான், விற்பவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு, எடை அதிகம் என்பதால் வெகுதூரத்திலிருந்து யாரும் கொண்டுவந்து குறுக்கே விழ முடியாது.

இருந்தாலும் ஒரு தடவை பிடித்தார்கள். கட்டுநர் சங்கம் 2010ல் கொடுத்த புகார். 2012 ஜூனில் 11 கம்பெனிகளுக்கும் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சுமார் 6,300 கோடி அபராதம். விலை ஒன்றாக ஏறியதை மட்டும் ஆணையம் காட்டவில்லை. ஆலைகள் தங்கள் திறனில் 83 சதவீதம் ஓட்டிக்கொண்டிருந்தவை அடுத்த ஆண்டு 73க்கு இறங்கின, சங்கக் கூட்டம் நடந்த கையோடு விலை ஏறியது, சங்கத்தை விட்டு விலகியதாகச் சொன்ன இரண்டு பெரிய கம்பெனிகளும் மும்பை ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தன, இப்படி ஒவ்வொன்றாகக் கோர்த்தார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விசாரணையில் உட்காராத தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது இயற்கை நீதிக்கு விரோதம். திரும்ப விசாரித்து 2016 ஆகஸ்டில் மறுபடி அபராதம், 2018 ஜூலையில் மேல்முறையீட்டில் அதை உறுதி செய்தார்கள், அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 சதவீதம் கட்டச் சொல்லி மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. புகார் கொடுத்து எட்டு வருஷம் கழித்துக் கட்டவேண்டி வந்தது பத்தில் ஒரு பங்கு.

வெயில்_விருதுநகர்:
6,300 கோடி என்பது சின்னத் தொகையா? அதற்கே பயந்திருக்க வேண்டாமா?

சட்டம்_படித்தவள்:
பெரியதாகத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒரு கோடி டன் விற்கிற கம்பெனி என்று வையுங்கள். டன்னுக்கு 20 மூட்டை, ஆக 20 கோடி மூட்டை. கூட்டு வைத்து மூட்டைக்கு 20 ரூபாய் கூடுதலாக எடுத்தால் வருஷத்துக்கு 400 கோடி. பிடிபடும் வாய்ப்பு நாலில் ஒன்று என்றால் அபராதம் 1,600 கோடிக்குக் குறைந்தால் கூட்டு வைப்பதே லாபம். ஆணையம் போட்டது இரண்டு ஆண்டு லாபத்தில் பாதி. சட்டம் லாபத்தில் மூன்று மடங்கு வரை போட இடம் கொடுக்கிறது. அதற்கு முன்னால் இருந்த ஏகபோகத் தடுப்பு ஆணையத்துக்கு இந்தப் பல்லும் இல்லை, 2007ல் இதே தொழிலைப் பிடித்து "இனிமேல் செய்யாதீர்கள்" என்று உத்தரவு போட்டார்கள், அவ்வளவுதான் முடிந்தது அவர்களால்.

அரியலூரான்:
எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள், வீட்டுத் திண்ணையில் விரலை வைத்தால் சிமெண்ட் ஒட்டும். சுற்றிலும் ஆலை, கல்லக்குடியிலிருந்து ஆரம்பித்தால் வரிசையாக. (கல்லக்குடி என்றாலே பலருக்கு 1953 ரயில் மறியல்தான் ஞாபகம் வரும், அங்கே எண்பது வருஷத்துக்கு மேலாக சிமெண்ட் வேகிறது என்பது இரண்டாம்பட்சம்.) ஆனால் ஆலை வாசலில் வாங்கினாலும் விலையில் பெரிய சலுகை கிடையாது.

ஒரே நாளில் ஏறுவதற்கு ஒரு ஒழுங்கான காரணமும் இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதி அமர்வில் சொன்னது. உடனே தமிழ்நாடு சட்டம் போட்டு 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். இது எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் விழுந்த செலவு, எல்லோரும் ஒரே நாளில் ஏற்றினால் அதில் சதி தேட முடியாது. எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் கேள்வி. ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையில் கல் வெந்து வருகிற உருண்டை, அதை அரைத்தால்தான் சிமெண்ட்) ஒன்றரை டன் கல் பிடிக்கும், வீட்டு வேலைக்கு வாங்குகிற பிபிசி (சாம்பல் முறைப்படி கலந்த ரகம்) மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு வரை அனல் மின் நிலையச் சாம்பல், ஆக ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் ஒரு டன் கல். 160ஐ 20ஆல் வகுத்தால் மூட்டைக்கு 8 ரூபாய். எட்டுக்கு மேல் ஏற்றியிருந்தால் மீதிக்கு இந்த வரியைக் கை காட்ட முடியாது.

இன்னொன்று. 2021 ஜூனில் மூட்டை 490 வரை போனது. தொழில் துறை அமைச்சர் ஆலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார், 460 ஆனது. எல்லோரும் கை தட்டினோம். எனக்கு மட்டும் ஒரு நெருடல். ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து 30 ரூபாய் இறக்க முடியும் என்றால், சேர்ந்து ஏற்றவும் மேஜை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அரசே கூட்டம் கூட்டி விலை பேசினால் அப்புறம் போட்டி ஆணையம் எந்த முகத்தோடு "கூடிப் பேசாதே" என்று சொல்லும்?

பழைய_பெர்மிட்:
அம்மா சிமெண்டை விட்டுவிட்டீர்களே. 2015 ஜனவரியில் மூட்டை 190க்குக் கொடுத்தார்கள். 1,500 சதுர அடி வரைதான், நூறு சதுர அடிக்கு 50 மூட்டை, அதிகபட்சம் 750. பிளான், சான்றிதழ், வரிசை. எனக்கு 1979 திரும்பி வந்தது போல இருந்தது. நியாயமாகச் சொன்னால் கிடைத்தவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அது அரசு ஆலையில் செய்தது மட்டும் இல்லை, தனியார் ஆலைகளிடம் வாங்கியது. அரசுக்கு மலிவாகக் கொடுத்த ஆலை அந்தக் குறையை யார் தலையில் வைத்திருக்கும்?

அரியலூரான்:
2021 நவம்பரில் வந்த வலிமை சிமெண்ட் வேறு வகை. தமிழக அரசின் டான்செம் ஆலையே செய்து 350, 365 என்று கடையில் வைத்தது, பெர்மிட் கிடையாது, சந்தையில் இன்னொரு மூட்டை. இந்த முறைதான் எனக்குப் பிடிக்கும், விலையை உத்தரவாகப் போடாமல் எதிர்க்கடை போடுவது. ஆனால் அரியலூர், ஆலங்குளம் எல்லாம் சேர்த்து டான்செம் திறன் ஆண்டுக்கு 17 லட்சம் டன். நாட்டின் பெரிய கம்பெனி ஒன்றுக்கு மட்டும் 15 கோடி டன்னுக்கு மேல். யானைக்கு எதிரே முயல் கடை போட்ட மாதிரி.

மட்டுறுத்துநர்:
எந்த ஆட்சி சிமெண்ட் சிறந்தது என்று இனி ஒரு பதிவு வந்தாலும் இழையைப் பூட்டிவிடுவேன். பொருளாதாரம் பேசுங்கள்.

வெயில்_விருதுநகர்:
சரி, விலை வைக்கவேண்டாம். எல்லாக் கம்பெனியின் உண்மை விலையையும், டீலர் அண்ணன் சொன்ன அந்தக் கிரெடிட் நோட் உட்பட, அரசு தினமும் இணையத்தில் போடட்டும். வெளிப்படையாக இருந்தால் எப்படி ஏமாற்றுவார்கள்?

கணக்கு_வாத்தியார்:
இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள், டென்மார்க்கில், 1993ல். பொருளும் ஏறக்குறைய இதுதான், ரெடிமிக்ஸ் கான்கிரீட். எந்தக் கம்பெனி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைப் போட்டி அதிகாரிகளே வெளியிட்டார்கள், வாங்குகிறவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விலை இறங்கும் என்று. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. மூலப்பொருள் செலவு அப்படி ஏறவில்லை.

ஏன் என்று யோசித்தால் டீலர் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. விலைக் கூட்டணியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஆசை ஒன்றே, மற்றவர்கள் எல்லாம் விலையைத் தூக்கிப் பிடிக்கட்டும், நான் மட்டும் ரகசியமாகப் பத்து ரூபாய் குறைத்து அள்ளிக்கொள்கிறேன் என்று. எல்லோரும் அப்படி நினைப்பதால்தான் கூட்டணி உடைகிறது. அந்த ரகசியத் தள்ளுபடியை அரசே அம்பலப்படுத்தினால் முதலில் பார்ப்பது வாங்குகிறவர் இல்லை, போட்டியாளர். யார் துரோகி என்று மறுநாளே தெரிந்துவிடும், பதிலடி வரும், அப்புறம் குறைக்க எவனுக்கும் தைரியம் வராது. நமக்கு எரிச்சல் தருகிற அந்தக் கிரெடிட் நோட்டு இருக்கிறதே, போட்டி உயிரோடு இருப்பது அதற்குள்தான். கடைப் பலகை விலை எல்லோருக்கும் தெரியட்டும், அடியில் விடுகிற தள்ளுபடி தெரியவேண்டாம்.

நம் வழக்கிலும் இதே வேடிக்கை உண்டு. உற்பத்தியாளர் சங்கம் கம்பெனிகளிடமிருந்து ஊர் வாரியாக விலை சேகரித்துக்கொண்டிருந்தது, எதற்கென்று கேட்டால் மத்திய அரசின் தொழில் துறைக்கு அனுப்ப. விலையைக் கண்காணிக்கவே அரசு கேட்டது, அந்தப் பட்டியலே கம்பெனிகளுக்குள் விலை பேச வழி ஆனது என்று ஆணையம் சொல்லவேண்டி வந்தது.

டெல்டா_டீலர்:
வாத்தியார் சொல்வது அப்படியே சரி. ஒரு கம்பெனி ஸ்கீம் விவரம் வெளியே கசிந்த மாதம் எனக்கு நல்ல ஞாபகம், அடுத்த வாரமே எல்லா ஸ்கீமும் ஒன்றாகிவிட்டன, எனக்குப் பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு விஷயம், முன்பு ஐந்து ஆபீசர் என் கடைக்கு வருவார்கள், ஒருவரிடம் மற்றவரைக் காட்டி இழுப்பேன். இப்போது கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கிக்கொண்டே போகின்றன, இரண்டு பிராண்டுக்கு ஒரே ஆபீசர் வருகிறார். யாரைக் காட்டி யாரை இழுக்க?

சட்டம்_படித்தவள்:
என் கவலையும் அங்கேதான். 2022 செப்டம்பரில் அம்புஜாவும் ஏசிசியும் அதானி கைக்கு, 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்கு. எல்லாம் போட்டி ஆணைய அனுமதியோடு, சட்டப்படி. பதினொரு பேர் பேசி வைத்துக்கொண்டதை நிரூபிக்க எட்டு வருஷம் இழுத்தோம், மூன்று நாலு பேர் மட்டும் இருந்தால் பேசவே தேவையில்லை, டீக்கடைப் பலகை போதும். கூட்டு வைத்தால் குற்றம், கல்யாணம் செய்துகொண்டால் அனுமதி. சேரும்போதே தென் மாநிலச் சந்தையைத் தனியாகப் பார்த்து, இன்ன ஆலையை விற்றால்தான் அனுமதி என்று கறாராக நிற்பது, பத்து வருஷம் கழித்து அபராதம் போடுவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

பழைய_பெர்மிட்:
அப்படிக் கறாராக நிற்கிற அதிகாரி கையில் மறுபடி ஒரு பெர்மிட் வந்துவிடும் அம்மா. நான் பார்த்தவன், பயப்படத்தான் செய்வேன்.

சட்டம்_படித்தவள்:
வரட்டும் ஐயா. உங்கள் பெர்மிட் மூட்டைக்கு ஒன்று, இது பத்து வருஷத்துக்கு ஒன்று, காரணத்தையும் எழுத்தில் சொல்லியாகவேண்டும்.

காவேரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. டீலர் அண்ணன் மாதக் கடைசி என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு 29ஆம் தேதி வரை பொறுத்தேன். அதே மூன்று கடைக்கும் போன் போட்டு 120 மூட்டை, மொத்தப் பணமும் கையில், இன்றைக்கே இறக்கவேண்டும் என்றேன். இருவர் 348லேயே நின்றார்கள். மூன்றாமவர் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு 332 என்றார். அதற்கு நடுவில் ஆந்திராவிலிருந்து வருகிற ஒரு பிராண்ட், 315க்கே தருகிறேன் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார், ஐஎஸ்ஐ முத்திரை, தயாரித்த வாரம் எல்லாம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

மேஸ்திரி ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தச் சரக்கில் தளம் போட்டால் நான் பொறுப்பில்லை என்றார். ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய பிராண்ட் மூட்டை ஒவ்வொன்றுக்கும் அவர் போனில் புள்ளி ஏறுகிறது, இன்னும் 100 மூட்டை போட்டால் அவருக்கு ஒரு மிக்ஸி.

332க்கு வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை கான்கிரீட்.